மூன்றாம் நாள் நிறுத்திய மாத்திரை

1943, நவம்பர் 16, செவ்வாய்க்கிழமை. சுவர்க் கடிகாரத்தில் பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். அது ஜப்பான் மணி, ஜப்பானியர் இங்கே வந்ததும் மாற்றி வைத்தது. எங்கள் பழைய மணிப்படி ஒன்று நாற்பதுதான். மருந்து அலமாரியில் சல்பா மாத்திரைகள் மொத்தம் ஐந்நூற்று முப்பத்து நான்கு. அதில் நூற்று இருபத்தாறு தகர டின்னில், நானூற்று எட்டு 'மிச்சம்' என்று தாள் ஒட்டிய கண்ணாடிப் போத்தலில். இரண்டு தடவை எண்ணிவிட்டேன். பிழை இல்லை.

பிள்ளை, உனக்கு இன்று வயது பதினான்கு மாதம். இதை நீ வாசிக்கும்போது இருபது வயதாவது ஆகியிருக்க வேண்டும்; அதற்கு முன் கொடுக்கக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். நாளை காலை நான் ஜப்பானிய மருத்துவ மேலதிகாரியைப் பார்க்கப் போகிறேன். பார்த்துவிட்டு வீட்டுக்கு வரலாம், வராமலும் போகலாம். வராவிட்டால் ஆளுக்கொரு கதை உன்னிடம் சொல்வார்கள். ஒருவர் உன் அப்பா ஏழைகளுக்காகப் போராடினார் என்பார். இன்னொருவர் ஆஸ்பத்திரி மருந்தைத் திருடினவன் என்பார். இரண்டும் பிழை. நான் ஜப்பானியர் பிடித்து வைத்திருக்கும் இந்தத் தீவின் ஜார்ஜ் டவுனில், குண்டு விழாமல் தப்பிய ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் நடக்கும் சிறிய ஆஸ்பத்திரியின் டிஸ்பென்சர். மருந்தை அளந்து கொடுப்பது என் வேலை. அதில் ஒரு பெரிய பிழை விட்டேன். என்ன பிழை, எப்படி விட்டேன் என்பதை என் வாயாலேயே நீ கேட்டுக்கொள்வது நல்லது. இடையிடையே புத்திமதியும் வரும். பிடித்தால் எடுத்துக்கொள், இல்லாவிட்டால் தாண்டிப் போ.

முதலில் சரியாகச் செய்ததைச் சொல்கிறேன். சண்டை தொடங்கி, கப்பல் நின்று, மருந்து வரத்துக் குறைந்த பிறகும் எங்கள் டாக்டர் பழைய பழக்கத்தை விடவில்லை. தெரிந்த முகம் வந்து தடிமன், மூக்கு ஒழுகுகிறது என்றால் நான்கு சல்பா, தொண்டை கரகரப்பு என்றால் ஆறு, வீட்டில் வைத்துக்கொள்ளவென்று இன்னும் இரண்டு. அது நிமோனியாவுக்கு உள்ள மருந்து. தடிமனுக்குக் கொடுத்தால் தடிமன் ஏழு நாளில் மாறும், கொடுக்காவிட்டால் ஒரு கிழமையில் மாறும். சூலியா தெருவில் அரிசி மாவைத் தட்டி அதே அளவில் கள்ள மாத்திரை விற்கிற காலம் இது. உண்மை மாத்திரையை வழியவிட முடியாது. நான் ஒரு தாளில் எழுதி டாக்டர் முன்னால் வைத்தேன்: நெஞ்சில் குழல் வைத்தால் சரசரப்புக் கேட்க வேண்டும், சளி துரு நிறத்தில் வர வேண்டும், நிமிடத்துக்கு மூச்சு முப்பதைத் தாண்ட வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மாத்திரை இல்லை. அவர் வாசித்துவிட்டு, "தம்பி, இதை நீர் சொன்னதாச் சொல்லும். நான் சொன்னதா வேண்டாம்," என்று கையெழுத்துப் போட்டார்.

ஆகவே வசவு எல்லாம் எனக்கு. நீ பிறந்து இருபது நாள் இருக்கும். ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணியார் ஒருவர், எங்கள் யாழ்ப்பாண ஆட்களுக்குள் அவர் இருமினால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள், மருமகனுக்குச் சளி என்று எட்டு மாத்திரை கேட்டு வந்தார். இல்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. தொப்பியை மேசையில் வைத்துவிட்டு, "உம்மட அப்பனைக் கப்பலால இறக்கி றெயில்வேயில வேலை எடுத்துக் குடுத்தது ஆர் எண்டு தெரியுமோ?" என்று கேட்டார். "தெரியும் ஐயா. மருமகனைக் கூட்டிவாங்கோ, நெஞ்சைப் பாப்பம்," என்றேன். கூட்டிவரவில்லை. உன் முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிவுக்கு, பிள்ளைத் தீட்டுக் கழிக்கும் சடங்குக்கு, நாற்பது பேரை அழைத்திருந்தோம், நான்கு பேர்தான் வந்தார்கள்; மற்றவர்கள் கிராணியாரின் பக்கம். அம்மா மூன்று கிழமை மரவள்ளிக்கிழங்கைத் தின்று சேர்த்த அரிசி அத்தனையும் சோறாகிப் பானையில் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். அவள் அகப்பையை எடுத்துக்கொண்டு, "நல்லதுதானே. மூண்டு நாளைக்கு வயிறு நிறையச் சாப்பிடலாம். உங்கட மாத்திரைக்குக் கும்பிடு," என்றாள். சரியாகச் செய்தாலும் அதற்கான விலையைப் பெரும்பாலும் செய்தவன் கொடுப்பதில்லை, அவன் வீட்டில் இருப்பவர்கள்தான் கொடுப்பார்கள் என்று அன்றைக்குத் தெரிந்தது. நீ எதையாவது பிடிவாதமாகச் செய்யப் போனால் முதலில் வீட்டில் சொல்லிவிட்டுச் செய். நான் சொல்லாமல் செய்தேன்.

இனிப் பிழை. சல்பாவுக்கு ஒரு முழு அளவு உண்டு. வளர்ந்த ஆளுக்கு முதல் நாள் பதினான்கு மாத்திரை, இரண்டாம் நாள் பன்னிரண்டு, மூன்றாம் நாள் பன்னிரண்டு, அடுத்த இரண்டு நாளும் ஆறு ஆறு. ஆகமொத்தம் ஐம்பது. இந்த வருடம் மார்ச் மாதம் நான் வார்டுத் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒன்றைக் கண்டேன். அநேகமாக எல்லோருக்கும் மூன்றாம் நாள் காலையில் காய்ச்சல் இறங்கிவிடுகிறது. அப்போது அவர்கள் விழுங்கியிருப்பது இருபத்தாறு. மிச்சம் இருபத்து நான்கு மாத்திரையைச் சுகமான ஒருவனுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று எனக்குப் பட்டது. அடுத்த கட்டிலில் ஒருவன் மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருக்கையில் இது என்ன ஊதாரித்தனம் என்று நினைத்தேன். இரண்டாவது விதியை எழுதினேன்: மூன்றாம் நாள் காலையில் காய்ச்சல் இறங்கியிருந்தால் மாத்திரையை அத்தோடு நிறுத்தி, மீதியைத் திரும்ப எடுத்துக்கொள்வது. டாக்டருக்கு மெத்தச் சந்தோஷம். ஏழு மாதத்தில் பதினேழு நோயாளிகள், ஆளுக்கு இருபத்து நான்கு. போத்தலில் நானூற்று எட்டு சேர்ந்தது. அந்தப் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். எனக்கு வயது இருபத்தெட்டு. என்னைவிடக் கெட்டிக்காரன் இந்தத் தீவில் இல்லை என்று நினைத்த மாதங்கள் அவை.

செப்டம்பரில் மருத்துவ மேலதிகாரி பார்வையிட வந்தார். ஜப்பானியர், ஒல்லியானவர், கண்ணாடி போட்டவர், மொழிபெயர்ப்பாளர் ஒருவரோடு வந்தார். அவரை முட்டாள் என்று நினைக்காதே. என் அறிக்கையை முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: நிறுத்தியவர்களில் திரும்பக் காய்ச்சலோடு வந்தவர்கள் எத்தனை பேர்? கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். நான் பதிவேட்டைத் திறந்து காட்டி, ஒருவரும் இல்லை என்றேன். அவர் தலையசைத்தார். மறுநாள் ஒரு பொட்டலம் சீனி எனக்குப் பரிசாக வந்தது. ஒரு வருடமாக வீட்டில் சீனி இல்லை. நீ நக்கிய விரலை விடமாட்டேன் என்று அழுதாய்.

பதிவேட்டில் ஒருவரும் இல்லை என்பது உண்மை. ஏன் இல்லை என்று நான் பார்க்கவில்லை. எங்கள் ஆஸ்பத்திரி வழக்கப்படி வாசலில் வருகிற ஒவ்வொருவருக்கும் புது எண் போடுவார்கள். போன கிழமை படுத்திருந்தவன் இந்தக் கிழமை வந்தாலும் புது எண், புது வரி, புது நோயாளி. அந்தப் பதிவேட்டில் எவனும் திரும்பி வரவே முடியாது. அதை வைத்துக்கொண்டு திரும்பி வந்தவர்களைத் தேடியிருக்கிறேன். உன் கேள்வி சரியாக இருந்தால் மட்டும் போதாது, பிள்ளை. பதிலை எங்கேயிருந்து எடுக்கிறாய் என்றும் பார்.

அக்டோபரில் வீரம்மா இரண்டாம் தடவையாக வந்தார். தாசேக் கெலுகோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர், வயது முப்பதுக்குள். கணவனைச் சயாமில் தண்டவாளம் போடப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். முதல் தடவை செப்டம்பர் கடைசியில், வலது நெஞ்சில் நிமோனியாவோடு வந்தார். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. நான்காம் நாள் காலை நானே வார்டுக்குப் போய் அவருடைய மாத்திரைப் பொட்டலத்தை எடுத்தேன். "மிச்ச மாத்திரை யாருக்குங்கய்யா?" என்று கேட்டார். உன்னை மாதிரி இன்னொருத்தருக்கு என்றேன். "அப்ப சரி, எடுத்துக்கங்க," என்றார். தோட்டத்தில் எல்லாவற்றையும் பாதியாக்கி வாழ்ந்து பழகியவர். அவருக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்கும்தான்.

அவர் கணக்கில் ஒரு நாள் கூடிவிட்டதே என்று நீ கேட்பாய். இல்லை, முதல் நாள் அவர் வந்தது அந்தியில், மாத்திரை தொடங்கியது மறுநாள் காலையில். விழுங்கியது அதே இருபத்தாறு. இப்படி ஒன்றையும் விடாமல் எண்ணத் தெரிந்த நான்தான் ஆட்களை எண்ண மறந்தேன்.

வீடு போய்ப் பன்னிரண்டாம் நாள் அவரை மாட்டு வண்டியில் ஏற்றி, படகில் அக்கரையிலிருந்து கொண்டுவந்தார்கள். வாசலில் புது எண் போட்டார்கள். நான் மாத்திரை கொடுக்கப் போனபோது முகத்தை அடையாளம் கண்டது நான் அல்ல, அவர்தான் என்னைக் கண்டார். "காச்சல் போயிருச்சின்னு நீங்கதானேய்யா சொன்னீங்க," என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை. தனக்குத்தான் ஏதோ விளங்கவில்லை என்கிற மாதிரிக் கேட்டார். இம்முறை இரண்டு பக்கமும் பிடித்திருந்தது. முழு அளவில் தொடங்கினோம். பதினான்கு, பன்னிரண்டு, பன்னிரண்டு. காய்ச்சல் அசையவில்லை. அடியோடு வெட்டாமல் விட்ட கிருமி, மருந்துக்குப் பழகிக்கொண்டு எழும்பும்போல என்று டாக்டர் சொன்னார். நான்காம் நாள் காலை பத்து மணிக்கு இறந்தார். அன்று பிற்பகல் நான் பதிவேட்டை எடுத்து, எண்ணைப் பார்க்காமல் பெயர், தோட்டம், தெரு மட்டும் பார்த்து ஒவ்வொரு வரியாகச் சேர்த்தேன். பதினேழு பேரில் ஆறு பேர் திரும்பி வந்திருந்தார்கள். ஐந்து பேருக்கு, இம்முறை மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்காததால், மறுபடி ஐம்பது ஐம்பது, வீரம்மாவுக்கு முப்பத்தெட்டு. மொத்தம் இருநூற்று எண்பத்தெட்டு, டின்னிலிருந்து போனது. நான் மிச்சம் பிடித்த நானூற்று எட்டில் உண்மையான மிச்சம் நூற்றிருபது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் உனக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒரு விஷயம் உனக்குச் சொல்ல வேண்டும்: இந்த வருடத் தொடக்கத்தில் டின்பால் கிடைக்காமல் போனபோது, அவள் இருந்த ஒரு டின்னை நிறையத் தண்ணீர் விட்டுக் கலக்கி உனக்குக் கொடுத்தாள். நீ மெலிந்தாய். நான் ஆஸ்பத்திரி அளவைக் குழாயைக் கொண்டுவந்து, கோடு காட்டி, இந்தக் கோட்டுக்குக் கீழே போனால் அது பால் இல்லை, வெள்ளைத் தண்ணீர் என்று ஏசினேன். அயலார் கேட்க ஏசினேன். இப்போது அவள் முழுக் கதையையும் கேட்டுவிட்டு உன் வாயைத் துடைத்தாள். "ஒரு டின் பாலைப் பத்து நாளுக்கு இழுக்கிறன் எண்டு என்னை என்ன பேச்சுப் பேசினீங்கள். நீங்கள் ஆஸ்பத்திரியில இழுத்தது என்ன?" என்றாள். அவ்வளவுதான். அடுத்த கரண்டிக் கஞ்சியை உனக்கு ஊட்டினாள். இன்னும் ஏசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். படித்தது நான்; என் விதியில் இருந்த ஓட்டையை ஒரு மூச்சில் கண்டது அவள். மார்ச் மாதமே அவளிடம் சொல்லியிருந்தால் மார்ச் மாதமே கண்டிருப்பாள். நீ யாரைக் கட்டினாலும், அவன் எவ்வளவு பெரிய உத்தியோகம் பார்த்தாலும், அவன் போடும் கணக்கை ஒரு தடவை வாங்கிப் பார். தரமாட்டேன் என்றால் அந்தக் கணக்கில் பிழை இருக்கிறது.

திரும்பி வராத பதினொரு பேரும் சுகமாக இருக்கிறார்கள் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. அதனால் தேடத் தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள், டயர் கிடையாது, ரப்பர் குழாயைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன், ஆணி ஏறினாலும் காற்றுப் போகாது, முதுகுதான் போகும். இதுவரை ஏழு பேரைக் கண்டுபிடித்தேன். ஆறு பேர் நடமாடுகிறார்கள். ஒருவர் ஆஸ்பத்திரியை விட்டுப் போன மூன்றாம் கிழமை வீட்டிலேயே இறந்துவிட்டார். திரும்பிக் கொண்டுவர வண்டி கிடைக்கவில்லை என்று அவருடைய தங்கை சொன்னாள். எனக்குத் தேத்தண்ணி தந்தாள். நான் யார் என்று சொன்னேன். ஆஸ்பத்திரியிலிருந்து இவ்வளவு தூரம் விசாரிக்க வந்தீர்களே என்று நன்றி சொன்னாள். ஏன் வந்தேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. அதுவும் ஒரு பிழை. இங்கே எழுதி வைக்கிறேன்.

என் வார்டில் இரண்டாவது விதியை அக்டோபரிலேயே நிறுத்திவிட்டேன். அத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் தேவையில்லை. நேற்றுத் திங்கட்கிழமை ஓர் உத்தரவின் நகல் வந்தது. டிசம்பர் முதலாம் தேதியிலிருந்து இந்த மாநிலத்தின் எல்லா ஆஸ்பத்திரிகளிலும், தோட்ட ஆஸ்பத்திரிகள் உட்பட, காய்ச்சல் இறங்கியதும் சல்பாவை நிறுத்த வேண்டும். மிச்சத்தை மாதக் கடைசியில் இராணுவத்துக்கு அனுப்ப வேண்டும். எங்கள் போத்தலை எடுக்க வெள்ளிக்கிழமையே வண்டி வரும். என்னுடைய விதி, சொல்லுக்குச் சொல். போத்தல் போனால் இங்கே மீதி நூற்று இருபத்தாறு. இரண்டு பேருக்குக் கொடுத்து மூன்றாமவனுக்குப் பாதி. மற்ற ஊர்களில் எத்தனை வீரம்மாக்கள் படுத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதமாட்டேன்.

டாக்டரிடம் போனேன். அவர் கெட்டவர் அல்ல. ஐம்பத்தெட்டு வயது, பயந்து பயந்து நோயாளிகளைக் காப்பாற்றிக்கொண்டு வருகிறவர். "உம்மை ஆர் கேட்டது, தம்பி? சத்தம் போடாமல் இரும். எங்கட வார்டில நான் ஒரு மாதிரி எழுதிச் சமாளிச்சுப்போடுவன்," என்றார். மற்ற ஆஸ்பத்திரிகள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீர் அந்த ஆளுக்கு ஒருத்தரும் இல்லை எண்டு சொன்னனீர். இப்ப ஆறு பேர் எண்டால், அண்டைக்குப் பொய் சொன்னதா எடுப்பாங்கள். அடிச்சால் பல்லுப் போகும். பல்லுக் கட்ட ஊரில டென்டிஸ்டும் இல்லை, பாத்துக்கொள்ளும்." பல்லோடு நிற்காது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போன மாதம் அரிசிக் கணக்கைக் குறைத்துச் சொன்ன ஒரு கிராணியை விசாரணைக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் அவர் வரவில்லை. ஆனால் அதிகாரி கேட்ட கேள்வியை நான் மறக்கவில்லை. உண்மையாகவே பதில் வேண்டும் என்பவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்பார். அவருக்கு என்னிடமிருந்து சரியான பதில் இன்னும் போகவில்லை. நான் தைரியசாலி என்று நினைத்துவிடாதே. போகாமல் இருக்க ஒரு காரணத்தை நேற்றிலிருந்து மூன்று தடவை தேடிப் பார்த்தேன்.

அம்மாவிடம் இம்முறை முதலிலேயே சொன்னேன். அவள் அழவில்லை என்று எழுத விருப்பம், அழுதாள். பிறகு, "போங்கோ. ஆனா உங்கட வாய் இருக்கே, அதை இஞ்ச வச்சிட்டுப் போங்கோ. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ," என்றாள். நல்ல புத்திமதி. நான் உனக்குச் சொன்ன எல்லாவற்றையும்விட இது நல்லது.

இனிச் செய்யப்போவது:

1. இன்று மாலைக்குள் பதினேழு பேரின் பட்டியலை மூன்று நகல் எழுதுவேன்: பெயர், ஊர், நிறுத்திய தேதி, திரும்பி வந்த தேதி, கடைசி நிரலில் இப்போதைய நிலை. ஒன்று அதிகாரிக்கு, ஒன்று டாக்டருக்கு, ஒன்று இந்தக் கடிதத்தோடு.

2. நாளை காலை ஜப்பான் மணி ஒன்பதுக்கு அதிகாரியைப் பார்ப்பேன். சொல்வது நான்கு வாக்கியம். திரும்பி வந்தவர்கள் ஆறு பேர். இரண்டு பேர் இறந்தார்கள், ஒருவர் இங்கே, ஒருவர் வீட்டில். பதிவேடு அதைக் காட்டாது, ஏனென்றால் அதில் ஒவ்வொருவரும் புது ஆள். உத்தரவை நிறுத்த வேண்டும். ஐந்தாவது வாக்கியம் என் வாயில் வந்தால் விழுங்கிவிடுவேன்.

3. விதியை எழுதியது யார் என்று கேட்டால், நான். கையெழுத்துப் போட்டவர் என் கணக்கை நம்பிப் போட்டார்.

4. வெளியே விட்டால் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து போத்தலில் இருப்பதை டின்னில் கொட்டுவேன். வண்டி வந்தால் மிச்சம் ஒன்றும் இல்லை என்று சொல்வேன். அது உண்மை: ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய முழு அளவில் சேர வேண்டியது.

5. வாசல் பதிவேட்டில் ஒரு புது நிரல் போடுவேன்: முன்பு இங்கே வந்ததுண்டா, எப்போது.

6. இறந்தவரின் தங்கை வீட்டுக்கு இன்னொரு தடவை போய், ஏன் வந்தேன் என்பதைச் சொல்வேன்.

7. கண்டுபிடிக்காத நான்கு பேரைத் தேடுவேன். உயிரோடு இருந்தால் ஒரு நிமிடம் மூச்சை எண்ணுவேன். இல்லையென்றால் தேதியைக் கேட்டு எழுதிக்கொள்வேன். நான் போக முடியாமல் போனால் அம்மா போவாள், அவளே கேட்டுக்கொண்டாள். உன் கையில் இருக்கும் நகலில் அந்த நான்கு பெயர்களுக்கு எதிரே கடைசி நிரல் வெறுமையாக இருந்தால், எங்கள் இருவரில் ஒருவரும் அந்த வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். ஊகித்து ஒன்றையும் நிரப்பாதே.